பால்டர்ஸ் கேட் முதல் பாகம்: முதல் இரண்டு நிலைகளைத் தாண்டுவது எப்படி?

புதுக்கை:

அனைவருக்கும் வணக்கம். பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை முடித்த கையோடு, இந்தக் கதை தொடங்கிய இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலில், 1998இல் பயோவேர் உருவாக்கிய முதல் பாகத்தை, அதாவது பீம்டாக் நிறுவனம் 2012இல் புதுப்பித்து வெளியிட்ட என்ஹான்ஸ்டு எடிஷனை, ஐபேடில் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் விளையாடுவேன். மற்றபடி இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான்.

மூன்றாம் பாகத்தில் மந்திரவாதியாக விளையாடி மகிழ்ந்ததால் இதிலும் மனித இன மந்திரவாதியையே உருவாக்கினேன். கேண்டில்கீப் கோட்டையை விட்டு வெளியே வந்ததும் ஓர் ஓநாய் என்னைக் கொன்றது. மீண்டும் தொடங்கி, எப்படியோ தப்பித்து ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதி வரை சென்றால், அதன் வாசற்படியில் நிற்கும் ஒருவன் என் பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ மந்திரம் சொல்ல, என் குழுவே பீதியடைந்து நாலாபக்கமும் ஓடுகிறது. அடுத்த சில நொடிகளில் நான் இறந்துவிடுகிறேன். இந்த விளையாட்டு இவ்வளவு கடினமாகத்தான் இருக்குமா, அல்லது நான் தேர்ந்தெடுத்த கதாபாத்திரம் சரியில்லையா? கவசத்தைப் போட்டால் எண் ஏன் குறைகிறது? கடினநிலையைக் குறைத்துக்கொள்ளலாமா? கதையின் திருப்பங்களை மட்டும் தயவுசெய்து வெளியிடாமல் வழி சொல்லுங்கள்.

ஐந்து தட்டு:

தம்பி, உங்கள் கதாபாத்திரத்தில் குறையில்லை. நீங்கள் மூன்றாம் பாகத்தின் பழக்கங்களோடு இதற்குள் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி இயங்குவது. இது இரண்டாம் பதிப்பு விதிகளின்படி இயங்குவது. ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி நெருப்புப் பொறியை நாள் முழுக்க எறிந்துகொண்டே இருக்கலாம். இரண்டாம் பதிப்பில் முதல்நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான், அதைச் சொல்லி முடித்துவிட்டால் மறுபடி படுத்துறங்கி எழும்வரை அவர் கவண் வைத்திருக்கும் ஒரு சாதாரண மனிதர். அவருடைய உயிர்ப்புள்ளி நான்கு. உடலுறுதி 16 இருந்தால் ஆறு. நீண்ட வாள் ஒன்றின் சாதாரண வீச்சே எட்டுப் புள்ளி வரை பறிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஓநாய் உங்களைக் கொன்றதில் வியப்பே இல்லை.

ஆகவே முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது, முதல் இரண்டு நிலைகளில் நீங்கள் வீரர் அல்லர் என்பதுதான். எதிரியைக் கண்டதும் நேருக்கு நேர் நின்று சண்டையிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஓடலாம், சுற்றிப் போகலாம், காவலர்கள் நிற்கும் இடத்துக்கு எதிரியை இழுத்துச் செல்லலாம், தூரத்திலிருந்து அம்பெய்யலாம். நேர்மையான சண்டை என்பது மூன்றாம் நிலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளக்கூடிய ஆடம்பரம்.

கேண்டில்கீப்பை அவசரப்பட்டு விட்டு வெளியேறாதீர்கள். உள்ளேயே சின்னச் சின்ன வேலைகள் பல இருக்கின்றன: ரீவரின் கிடங்கில் எலி பிடிப்பது, டிரெப்பினின் நோயுற்ற பசுவுக்கு மருந்து கொண்டுவருவது, ஃபிலிடியா தொலைத்த புத்தகத்தைத் தேடித் தருவது, காவலர் ஹல்லின் வாளை எடுத்து வருவது. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம்தான் என்றாலும், நடப்பதற்கும் பேசுவதற்கும் பையைத் திறந்து பார்ப்பதற்கும் கை பழகிவிடும். ஓபே என்பவரிடம் பேசினால் அவர் மாயத் தோற்றங்களை உருவாக்கி, ஒரு முழுக் குழுவையும் தற்காலிகமாகக் கொடுத்துச் சண்டைப் பயிற்சி தருவார். அங்கே செத்தாலும் இழப்பில்லை. கிடைத்த காசை விடுதிக்காரர் வின்த்ராப்பிடம் கவணுக்கும் கல்லுக்கும் அம்புக்கும் செலவழித்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே வந்ததும் உங்களோடு சேரும் இமோயனின் பையைத் திறந்து பார்த்தீர்களா? அதில் மேஜிக் மிஸைல் என்ற மந்திரத்தை எறியும் கோல் ஒன்று இருக்கிறது. பல புதியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

நான் இதை முதலில் விளையாடியது ஐந்து குறுந்தட்டுகளாக வந்த காலத்தில். பழைய ஃபூனானில் வாங்கிய பெட்டி அது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது தட்டை மாற்றச் சொல்லும். கூடவே ஒரு தடித்த கையேடும் இருந்தது. விதிகளை அதில்தான் படித்தோம். இப்போது கைப்பேசியில் வாங்குபவர்களுக்கு அந்தக் கையேடு கண்ணில் படாததால்தான் இப்படிப்பட்ட கேள்விகள் எழுகின்றன என்பது என் எண்ணம்.

பகடைக்காய்:

கவச எண்ணைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் கடையில் எதை வாங்குவது என்றே தெரியாது.

கவச மதிப்பு, அதாவது ஏசி, பத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகிறது. வெறும் உடம்போடு நிற்பவருக்குப் பத்து. தகட்டுக் கவசம் அணிந்தவருக்கு மூன்று. சுழியத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. அடிப்பவர் பக்கம் தாக்கோ என்றோர் எண் உண்டு. முதல்நிலையில் எல்லோருக்கும் அது 20. இந்த எண்ணிலிருந்து எதிரியின் ஏசியைக் கழித்தால் வருவதுதான், இருபது பக்கப் பகடையில் நீங்கள் போட வேண்டிய குறைந்தபட்ச எண். ஏசி பத்து உள்ள கொள்ளைக்காரனை அடிக்க 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. ஏசி மூன்று உள்ளவனை அடிக்க 17 விழ வேண்டும். ஐந்தில் ஒரு வாய்ப்புதான். உங்கள் முன்னணி வீரருக்கு நல்ல கவசம் வாங்கித் தருவது ஏன் முதற்செலவாக இருக்க வேண்டும் என்பது இப்போது புரியும். அவரை அடிக்க வருபவர்களும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள்தாம்.

சுறுசுறுப்பு 18 இருந்தால் ஏசி நான்கு குறையும். 14 இருந்தால் எதுவும் குறையாது. இந்தப் பழைய விதிகளில் நடுத்தர எண்களுக்குப் பெரும்பாலும் பயனில்லை, உச்சியில் இருக்கும் எண்களுக்கே பலன் என்பதால், பத்துக்கும் பதினான்குக்கும் இடையில் புள்ளிகளைப் பரப்பி வைக்காதீர்கள். உடலுறுதியில் மட்டும் ஒரு விதிவிலக்கு: மந்திரவாதிக்கும் திருடருக்கும் மதகுருவுக்கும் 16க்கு மேல் எவ்வளவு வைத்தாலும் கூடுதல் உயிர்ப்புள்ளி இல்லை, 17க்கும் 18க்கும் உரிய பலன் போர்வீரர் வகையினருக்கே. மீதமிருக்கும் புள்ளிகளை வேறு இடத்தில் போடுங்கள்.

கதாபாத்திரத்தை உருவாக்கும்போது இந்தப் புள்ளிகளுக்கான பகடையை மீண்டும் மீண்டும் உருட்டிக்கொண்டே இருப்பவர்களையும் இங்கே பார்க்கிறேன். மொத்தம் எண்பதைத் தாண்டி எண்பத்தைந்து பக்கம் வந்துவிட்டால் எடுத்துக்கொண்டு புறப்படலாம். நூறு வரும்வரை உட்கார்ந்திருப்பது விளையாட்டாகாது.

நாணொலி:

ஐந்து தட்டு அண்ணனின் விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் விளையாடுபவர். அவரை மந்திரவாதியாகவே தொடரச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் ஆட்டத்துக்கு வில்லேந்திய போர்வீரரைவிட எளிதான பாத்திரம் இந்த விளையாட்டில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். முதல்நிலையில் வாள் வைத்திருப்பவர் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வீசுவார். வில் வைத்திருப்பவர் இரண்டு அம்பு விடுவார். ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. எதிரி உங்களை நெருங்குவதற்குள் ஆறு பேரும் அம்போ கல்லோ எறிந்தால், பெரும்பாலான எதிரிகள் வந்து சேரவே மாட்டார்கள். போர்வீரருக்கு நீண்ட வில் கொடுங்கள். எல்ஃப் இனத்தவருக்கு வில்லில் கூடுதல் தேர்ச்சியும் உண்டு. பழைய பதிப்பில் ஒரு கட்டில் இருபது அம்புதான் வைக்கலாம். புதிய பதிப்பில் நிறைய வைக்கலாம் என்பதால் சுமையைப் பற்றிய கவலையும் இல்லை. நான் என் முதல் முழு ஆட்டத்தை இப்படித்தான் முடித்தேன், வாளை உறையிலிருந்து எடுத்தது அரிது.

மந்திரவாதியாகவே இருப்பேன் என்று புதுக்கை பிடிவாதம் பிடித்தால், அவருடைய ஒரே மந்திரம் ஸ்லீப் ஆகத்தான் இருக்க வேண்டும். முதல் அத்தியாயங்களில் எதிர்ப்படும் கிப்பர்லிங், கோபோல்ட், ஹாப்காப்ளின், ஓநாய் எல்லாவற்றையும் கூட்டமாகத் தூங்க வைக்கும். தூங்குபவரை அடிக்கப் பகடை தேவையில்லை. ஒவ்வோர் அடியும் விழும். ஆனால் எலும்புக்கூடுகளுக்கும் நடமாடும் பிணங்களுக்கும் அது பலிக்காது, எல்ஃப்களுக்குப் பெரும்பாலும் பலிக்காது.

புதுக்கை:

மூவருக்கும் மிக்க நன்றி. தாக்கோ கணக்கு இப்போது புரிந்துவிட்டது. நான் மந்திரவாதியை விட்டுவிடவில்லை. ஆனால் ஸ்லீப் மந்திரத்தோடு புதிதாகத் தொடங்கி, கேண்டில்கீப் வேலைகளை முடித்துவிட்டுச் சென்றேன். சாலையில் எதிர்ப்பட்ட இருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டேன். ஆயினும் விடுதி வாசலில் நிற்கும் அந்த ஆள் மறுபடியும் எங்களை விரட்டியடித்துவிட்டான். அவனைச் சுற்றி அவனைப் போலவே பல உருவங்கள் தோன்றுகின்றன. இமோயன் எய்யும் அம்பு எதன் மேல் படுகிறது என்றே தெரியவில்லை. தவிர, நான் சொல்லாமலே இமோயன் ஓடிப்போய்க் கத்தியால் குத்துகிறாள். இதை எப்படி நிறுத்துவது?

ஐந்து தட்டு:

அவன் பெயர் டார்னெஷ். 1998 முதல் இந்த விளையாட்டுக்கு வந்த எல்லாப் புதியவர்களையும் படியில் நின்று வரவேற்பவன். முதலில் பிம்பங்களை உருவாக்குவான், பிறகு ஹாரர் மந்திரம் சொல்வான். அதுதான் உங்கள் குழுவைச் சிதறடிப்பது.

அவனை வெல்ல மூன்று செய்திகள் போதும். முதலாவது, மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பவர் மேல் அடி விழுந்தால் அந்த மந்திரம் கலைந்துவிடும். அவன் வாயைத் திறந்ததும் நிறுத்தத்தில் வைத்து, எல்லோரையும் அவன் மேலேயே எறியச் சொல்லுங்கள். ஒவ்வோர் அம்பும் ஒரு பிம்பத்தை அழித்தாலும் அடுத்தது அவன் மேல் விழும். இரண்டாவது, கோலில் இருக்கும் மேஜிக் மிஸைல் பகடை பார்க்காமல் தாக்கும், அதைச் சேமித்து வைக்க இது இடமில்லை. மூன்றாவது, குழுவினரை ஒரே இடத்தில் குவிக்காமல் விலக்கி நிறுத்துங்கள். அவன் மந்திரம் ஒருவரைப் பிடித்தால் மற்றவர் தப்புவர். விடுதி வளாகத்தில் காவலர்கள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் மந்திரவாதி சண்டையே போடாமல் அவர்கள் பக்கம் ஓடினாலும் குற்றமில்லை.

இமோயன் தானாக ஓடுவதற்குக் காரணம், குழுவினரைத் தானியங்கியாக நடத்தும் விசை இயங்கிக்கொண்டிருப்பது. திரையின் ஓரத்தில் அதற்குரிய பொத்தான் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். அதோடு அமைப்புகளுக்குச் சென்று தானாக நிறுத்தும் வசதியில், எதிரி கண்ணில் பட்டால் நிற்கவும், குழுவில் ஒருவர் தாக்கப்பட்டால் நிற்கவும், இலக்கு வீழ்ந்தால் நிற்கவும் சொல்லி வையுங்கள். மூன்றாம் பாகத்தில் முறைவைத்து ஆடியவர்களுக்கு இது பாதி முறைவைத்த ஆட்டமாகவே ஆகிவிடும். இந்த அமைப்பை மாற்றாமல் விளையாடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு தேக்காவில் சாலையைக் கடப்பது போன்றது.

தோபாயோக்காரன்:

ஐபேடில் விளையாடுவதால் ஒன்று சொல்கிறேன். சண்டையின் நடுவில் விரலால் சரியான ஆளைத் தொடுவது சிரமம், அதனால் நிறுத்திவிட்டுத் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு தொடுங்கள். கைப்பேசியில் முயலவே வேண்டாம். ரயிலில் விளையாடும்போது இறங்கும் இடத்துக்கு ஒரு நிலையம் முன்பாகவே சேமித்துவிடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் சேமிக்காமல் மூன்று நான்கு சேமிப்புகளை மாற்றி மாற்றி வைத்திருப்பதும் நல்லது. உங்கள் முதன்மைக் கதாபாத்திரம் இறந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். மற்றவர்கள் இறந்தால் கோவிலுக்குப் போய்க் காசு கொடுத்து எழுப்பலாம்.

பகடைக்காய்:

எழுப்பலாம் என்பது எப்போதும் உண்மையில்லை. ஒரே அடியில் அளவுக்கு மீறிய சேதம் விழுந்து உடலே சிதறிப்போனால் அந்தத் தோழர் திரும்பி வரமாட்டார். அவருடைய பொருள்கள் மட்டும் தரையில் கிடக்கும். ஓகர் என்ற அரக்கன் ஒன்றின் கதாயுதம் முதல்நிலை மந்திரவாதியை இப்படிச் செய்துவிடக்கூடும்.

கடினநிலை பற்றிய கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. கோர் ரூல்ஸ் என்ற கடினநிலை மேசை விளையாட்டின் விதிகளை அப்படியே பின்பற்றும். சுருளிலிருந்து மந்திரம் கற்கும்போது தோல்வியடையலாம், தோற்றால் சுருள் அழிந்துவிடும். நிலை உயரும்போது கூடும் உயிர்ப்புள்ளியும் பகடைப்படியே. புதியவர் இந்த எரிச்சலைச் சுமக்க வேண்டியதில்லை. புதிய பதிப்பின் அமைப்புகளில், நிலை உயரும்போதெல்லாம் முழு உயிர்ப்புள்ளி தரும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஸ்டோரி மோட் என்ற இன்னொரு நிலையும் இருக்கிறது, அதில் உங்களால் சாகவே முடியாது.

நாணொலி:

ஸ்டோரி மோட் வேண்டாம் என்பது என் கோரிக்கை. இந்த விளையாட்டின் முதல் பாதியின் சுவையே, ஒரு கரடியைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும் நிலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வருவதில்தான் இருக்கிறது. பயம் போய்விட்டால் மீதி இருப்பது நடப்பதும் கதவைத் திறப்பதும்தான். ஆனால் உயிர்ப்புள்ளியை முழுதாக எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புதுக்கை:

டார்னெஷ் ஒழிந்தான்! அண்ணன் சொன்னபடி விலகி நின்று, அவன் வாய் திறக்கும் போதெல்லாம் கோலால் அடித்தோம். மூன்றாவது மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிட்டான். விடுதிக்குள் காலித், ஜாஹீரா இருவரையும் சந்தித்து, நாஷ்கெல் சுரங்கத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் சாலையில் சேர்த்த இருவரும் இவர்களோடு ஒத்துப்போகாமல் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாரை வைத்துக்கொள்வது? போகும் வழியில் வேறு எங்கெல்லாம் நிற்கலாம்?

ஐந்து தட்டு:

சாலையில் சேர்த்த ஸ்ஸாரும் மொன்டாரோனும் தீய இயல்பினர். காலித், ஜாஹீரா இருவரும் நல்லவர்கள் பக்கம். இந்த இரு இணைகளும் ஒரே குழுவில் நெடுநாள் நிலைக்காது. இணையாக வந்தவர்களில் ஒருவரை அனுப்பினால் மற்றவரும் கிளம்பிவிடுவார் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் ஆட்டத்துக்குக் காலித்தும் ஜாஹீராவும் போதும்: ஒருவர் முன்னணி வீரர், மற்றவர் போரிடவும் காயம் ஆற்றவும் தெரிந்தவர். நாஷ்கெல் போக வேண்டும் என்று அவர்கள் சொன்னதை நீண்ட காலம் தள்ளிப் போட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சேரக்கூடியவர்கள் நிறைய, குழுவில் ஆறு இடங்கள்தாம். நாஷ்கெலில் மின்ஸ்க் என்ற வீரர் கிடைப்பார். அவர் தம் தோழி டைனஹேரைக் கோட்டையிலிருந்து மீட்கச் சொல்வார்; தாமதித்தால் உங்கள் மேலேயே பாய்வார். அவரைச் சேர்த்தால் அந்தப் பணியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டதாக நினையுங்கள். டைனஹேர் மந்திரவாதி என்பதால் குழுவுக்கு இரண்டாவது மந்திரவாதி கிடைத்தது போல.

விடுதியை விட்டுக் கிளம்பும் முன், வளாகத்துக்கு வெளியே மரத்தடிகளைச் சற்றுத் துழாவிப் பாருங்கள். மந்திரவாதிக்கு உரிய மோதிரம் ஒன்று அங்கே கிடக்கிறது, அது முதல்நிலை மந்திரங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். ஒரு ஸ்லீப் வைத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

நாணொலி:

அண்ணே, அதைச் சொல்லியிருக்க வேண்டாமே! தேடிக் கண்டுபிடிப்பதுதானே அதன் இன்பம்? நாஷ்கெல் வயலில் புதைந்திருக்கும் கவசத்தையும் சொல்லிவிடப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது.

ஐந்து தட்டு:

நீங்களே சொல்லிவிட்டீர்கள்! ஆமாம், ஆங்கெக் என்ற பூச்சியின் ஓட்டால் செய்த கவசம் நாஷ்கெலின் வயல்வெளியில் கிடக்கிறது. ஏசி ஒன்று தரும், எடையும் குறைவு, ஜாஹீராவும் அணியலாம். இந்தக் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாத ஒருவர், ஒவ்வொரு புல்லையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எல்லா இரகசியத்தையும் சொல்லவில்லை, முதல் அத்தியாயங்களைக் கடக்க உதவும் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நடைமுறை: அடையாளம் தெரியாத பொருளை அணிந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஃபிரெண்ட்லி ஆர்முக்குத் தெற்கே ஓர் ஓகர் இடைக்கச்சைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒன்று பயனுள்ளது, மற்றொன்று சபிக்கப்பட்டது. அணிந்தால் ஆண் பெண்ணாவார், பெண் ஆணாவார், கழற்றவும் முடியாது. கடையில் நூறு பொற்காசு கொடுத்தால் அடையாளம் சொல்வார்கள். ஐடென்டிஃபை மந்திரம் கற்றுக்கொண்டால் அந்தக் காசும் மிச்சம்.

இன்னொன்று, கதையின்படி இந்த வட்டாரத்து இரும்பு பழுதாகியிருக்கிறது. சாதாரண வாளும் கோடரியும் சண்டையின் நடுவில் உடைந்துபோகும். முன்னணியில் நிற்பவருக்கு மாற்று ஆயுதம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். மந்திரம் ஏற்றிய ஆயுதங்கள் உடைவதில்லை.

பகடைக்காய்:

காசு தேவையானால் பெரெகாஸ்ட் ஊருக்குக் கிழக்கே இருக்கும் கோவிலில் பாசிலஸ் என்ற பூசாரியின் தலைக்கு 5,000 பொற்காசு விலை வைத்திருக்கிறார்கள். முதல்நிலையில் அவனிடம் போக வேண்டாம். மூன்றாம் நிலைக்குப் பிறகு, பேச்சில் கொஞ்சம் கவனமாக இருந்தால், அவனைச் சுற்றி நிற்கும் பிணங்கள் சண்டைக்கு முன்பே சரிந்துவிடும். அவன் உங்களை யார் என்று நினைக்கிறான் என்பதைக் கேட்டு அதற்கேற்பப் பேசுங்கள். ஜோவியல் ஜக்லர் விடுதியில் ஓர் அதிகாரி, கொள்ளையர்களின் தலைத்தோல் ஒவ்வொன்றுக்கும் 50 பொற்காசு தருவார். குழுத் தலைவராக முதலில் நிற்பவரின் வசீகரமும் குழுவின் நற்பெயரும் கடை விலையைக் குறைக்கும்.

விடுதிகளுக்குள் நுழைவதற்கு முன் சேமிப்பதை மறக்க வேண்டாம். ஏன் என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

புதுக்கை:

கண்டுகொண்டேன், ரெட் ஷீஃப் விடுதியில்.

நாஷ்கெல் சுரங்கத்தில் இறங்கியிருக்கிறேன். எங்கள் குழுவில் இப்போது காலித், ஜாஹீரா, மின்ஸ்க், இமோயன், நான். எல்லோரும் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை. ஒடுக்கமான சுரங்கத்தில் குழுவினர் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோபோல்ட்கள் தூரத்திலிருந்து நெருப்பு அம்பு விடுகின்றன. தவிர, பெரெகாஸ்டுக்கு வடகிழக்கே பாசிலிஸ்க் என்ற பல்லிகளைக் கொன்றால் ஏராளமான அனுபவப்புள்ளி கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். இப்போதே அங்கே போய்விட்டு வரலாமா?

நாணொலி:

சுரங்கம் முதலில். நெருப்பு அம்பு விடுபவை கமாண்டோக்கள், அவை ஒவ்வொன்றும் உங்கள் பின்வரிசைக்கு ஆபத்து. இமோயனை முன்னால் தனியாக அனுப்பி, பொறிகளைத் தேடும் நிலையில் வைத்து மெதுவாக நடத்துங்கள். சுவரோரத்தில் சிவப்பாகத் தெரியும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. எதிரி கண்ணில் பட்டதும் அவளைப் பின்வாங்கச் சொல்லி, காலித்தை மட்டும் பாதையின் வாயில் நிறுத்துங்கள். சுரங்கத்தின் ஒடுக்கம் அப்போது உங்களுக்குச் சாதகமாகிவிடும், ஏனென்றால் அவரைத் தாண்டி யாரும் வர முடியாது. ஜாஹீராவும் மின்ஸ்கும் அவர் பின்னாலிருந்து கல்லோ அம்போ எறியட்டும். ஸ்லீப்பை ஐந்தாறு பேர் கூடிய இடத்துக்கு வைத்திருங்கள். கோபோல்ட்கள் விட்டுப் போகும் நெருப்பு அம்புகளைப் பொறுக்கி இமோயனுக்குக் கொடுத்தால், சுரங்கத்தின் கடைசி அறையில் அவை உதவும். அந்த அறைக்குள் நுழையும் முன் படுத்து எழுந்து, மந்திரங்கள் நிரம்பிய பிறகே நுழையுங்கள். தூங்கும்போது கோபோல்ட்கள் வந்து எழுப்பினால் மறுபடி படுங்கள்.

பாசிலிஸ்க் பற்றி: பெரிய பாசிலிஸ்க் ஒன்றுக்கு 7,000 அனுபவப்புள்ளி, சிறியதற்கு 1,400. போர்வீரர் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 போதும் என்பதை நினைத்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அவை பார்வையாலேயே உங்களைக் கல்லாக்கிவிடும். முதன்மைக் கதாபாத்திரம் கல்லானால் ஆட்டம் முடிந்தது. கல்லாவதைத் தடுக்கும் மந்திரம் முதல்நிலையிலேயே இருக்கிறது, அதன் சுருளைத் தேடிக் கற்றுக்கொள்ளும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள்.

பகடைக்காய்:

அதைக் கற்றுக்கொண்ட பிறகும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாம் நிலையில் அங்கே போய்த் திரும்பினால் குழு ஐந்தாம் நிலையைத் தாண்டிவிடும். அப்புறம் சுரங்கத்துக் கோபோல்ட்கள் கொசுவுக்குச் சமம். புதிய பதிப்பில் அனுபவப்புள்ளிக்கு 1,61,000 என்ற உச்சவரம்பு இருக்கிறது, அதை எட்ட நேரம் நிறையவே இருக்கிறது.

ஐந்து தட்டு:

அங்கே கோராக்ஸ் என்ற பிணந்தின்னி ஒருவன் இருக்கிறான், பாசிலிஸ்க்கின் பார்வை அவனை ஒன்றும் செய்யாது. நட்பாகப் பேசினால் சற்று நேரம் உங்களுக்காகச் சண்டையிடுவான். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை போகலாம். ஆனால் இருவரும் சொன்னதுபோல், சுரங்கம் முடிந்த பிறகு.

இப்போதைக்குப் போகவே கூடாத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: டர்லாக் கோபுரம், கடற்கரையோரம் மயக்கிக் கொல்லும் சைரீன்கள் திரியும் பகுதி, கிளோக்வுட் காட்டின் சிலந்திகள். கிளோக்வுட்டுக்குக் கதையே உங்களை அழைத்துச் செல்லும். அப்போது நச்சுமுறி மருந்தை ஆளுக்கு இரண்டேனும் வாங்கி வையுங்கள். டர்லாக் கோபுரம் 1999இல் வந்த விரிவாக்கத்தைச் சேர்ந்தது, ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு உரியது.

புதுக்கை:

சுரங்கத்தின் வாயில் காலித்தை நிறுத்திவிட்டு நேற்று இரவு கோபோல்ட்களை அங்கேயே வரவழைத்தேன். இரண்டு தளங்கள் கடந்தாகிவிட்டது, இமோயனிடம் நெருப்பு அம்பு கைநிறைய. கடைசி அறைக்கு முன் படுக்கப் போகிறேன். பாசிலிஸ்க்கைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். நாஷ்கெலில் நூபர் என்றொருவன் வந்து நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறான், அவனை அடித்துவிட்டுப் போகலாமா?

நாணொலி:

அடிக்காதீர்கள், அப்பாவிகளைக் கொன்றால் நற்பெயர் வெகுவாகச் சரியும், கடைவிலை ஏறும், காலித்தும் ஜாஹீராவும் முகம் சுளிப்பார்கள். அவன் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். அதற்கும் அனுபவப்புள்ளி உண்டு.